கட்சி கடந்து எழுத ஓர் இடதுசாரி மாத இதழ்: கொள்கைத் தாள் முதல் அஞ்சல் வரை முழுமையான வழிகாட்டி

தமிழில் இடதுசாரி இதழ்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கட்சிகளின் அதிகாரபூர்வ ஏடுகள், கலை இலக்கிய அமைப்புகளின் இதழ்கள், இயக்க வெளியீடுகள் என்று வரிசை நீளமானது. ஆனால் மார்க்சிஸ்டும் பெரியாரியரும் அம்பேத்கரியரும் காங்கிரஸ்காரரும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதி, மறுமாதம் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் இதழ்கள் குறைவு. 1955-இல் வ. விஜயபாஸ்கரன் தொடங்கி 1962 வரை நடத்திய ‘சரஸ்வதி’ இதற்கு நல்ல முன்னோடி. நடத்தியவர் கம்யூனிஸ்ட். அதில் ஜெயகாந்தனும் எழுதினார். கம்யூனிசத்தை ஏற்காத விமர்சகர் க.நா.சு.வும் எழுதினார்.

‘யாரும் எழுதலாம்’ என்று அறிவித்துத் தொடங்கும் இதழ்கள் தடம் மாறுவது இரண்டு வழிகளில். ஒன்று, ஏதோ ஒரு கட்சியின் துணை ஏடாகிவிடும். இல்லையென்றால், எந்த நிலைப்பாடும் இல்லாத கதம்பமாகிவிடும். திறந்த மேடை என்பதை ஆசிரியரின் பெருந்தன்மையில் விட்டுவைப்பதுதான் இரண்டுக்கும் காரணம். அவர் களைத்துப்போகும் மாதத்தில் மேடையும் சுருங்கிவிடும். ஆகவே அது விதியாகவும் கணக்காகவும் நாட்காட்டியாகவும் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த வழிகாட்டி.

கொள்கைத் தாள்

முதல் இதழுக்குக் கட்டுரை கேட்பதற்கு முன் ஒரு பக்கத்துக்கு மிகாத தாள் ஒன்றை எழுதுங்கள். நான்கைந்து வாக்கியங்கள் போதும். மாதிரிக்கு:

“இவ்விதழ் உழைப்பவர் பக்கம் நிற்கிறது. சாதி ஒழிப்பு, பெண் சமத்துவம், மதச்சார்பின்மை ஆகியவை எங்கள் நிலைப்பாடுகள். எங்கள் நிலைப்பாடு தலையங்கத்தில் மட்டும் வரும். பெயரிட்ட கட்டுரைகள் எழுதியவரின் கருத்து. எக்கட்சியில் இருப்பவரும், எக்கட்சியிலும் இல்லாதவரும் எழுதலாம். பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்தும் எழுத்துக்கும், ஒரு சமூகத்தின் மீது வன்முறையைத் தூண்டும் எழுத்துக்கும் இடமில்லை.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எல்லைக்கோடு எழுத்தின் மீது போடப்பட்டிருக்கிறது, ஆளின் மீது அல்ல. ‘இன்ன கட்சிக்காரர் எழுதக் கூடாது’ என்று ஒரு பட்டியல் போட்டால், ஒவ்வொரு கூட்டணி மாற்றத்துக்கும் அந்தப் பட்டியலைத் திருத்த வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் அது ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது நடக்கும்.

இந்தத் தாளை ஒவ்வோர் இதழிலும் உள்ளட்டையில் அச்சிடுங்கள். கட்டுரை கேட்கும் கடிதத்தோடும் அனுப்புங்கள். பின்னால் வரும் சச்சரவுகளில் பாதி இதைக் காட்டியே தீரும்.

ஆசிரியர் குழு

ஐந்து பேர் போதும். ஏழு பேரைத் தாண்டினால் கூட்டம் நடத்துவதே சிரமம். ஒரே கட்சியின் உறுப்பினர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர் ஆசிரியராகவோ பொறுப்பாசிரியராகவோ இருக்கக் கூடாது. அவர் நேர்மையானவராக இருந்தாலும், கட்சி ஒரு நிலைப்பாடு எடுத்த மறுநாளே அவர் இரண்டு விசுவாசங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்வார். குழுவினர் ஒவ்வொருவரின் கட்சி உறவையும் ஆண்டுக்கு ஒரு முறை இதழிலேயே வெளியிடுங்கள். மறைத்தால்தான் வதந்தி.

கட்டுரையை ஏற்க இரண்டு பேர் படித்துச் சம்மதித்தால் போதும். நிராகரிக்க மூன்று பேர் வேண்டும், காரணத்தை ஒரே ஒரு வரியாவது எழுதிவைக்க வேண்டும். ஏற்பதை எளிதாகவும் மறுப்பதைக் கடினமாகவும் வைப்பதற்குக் காரணம் உண்டு. மாற்றுக் கட்டுரைகள் பெரும்பாலும் எதிர்ப்பால் சாவதில்லை. ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற மௌனத்தால்தான் சாகின்றன. கட்டுரை வந்த 15 நாளில் பதில் போயாக வேண்டும் என்று விதி வையுங்கள்.

பதிவு

1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், பத்திரிகைகள் மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2023, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பு தலைப்பு ஒப்புதல் ஒரு பக்கம், மாவட்ட ஆட்சியர் முன் உறுதிமொழி இன்னொரு பக்கம் என்று அலைய வேண்டும். இப்போது பத்திரிகைப் பதிவாளரின் பிரஸ் சேவா இணையதளத்தில் தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பத்திரிகைப் பதிவாளருக்கும், உங்கள் மாவட்டத்தில் அதற்கென உள்ள அதிகாரிக்கும் போகும். அதிகாரி கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. ஆகவே முதல் இதழ் தேதியை விண்ணப்பித்த நாளிலிருந்து நான்கு மாதம் தள்ளி வையுங்கள்.

தலைப்பில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் இந்தியாவில் எங்கு இருந்தாலும் அதே பெயரோ அதை ஒத்த பெயரோ கிடைக்காது. வேறு மொழி இதழானாலும், அது தமிழ்நாட்டிலேயே பதிவானதென்றால் கிடைக்காது. ‘செம்’, ‘புதிய’, ‘மக்கள்’, ‘உழைப்பவர்’ என்று தொடங்கும் பெயர்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும். விருப்ப வரிசையில் சில பெயர்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் உறுதியாகும் முன் இலச்சினை வரைந்து சுவரொட்டி அடிக்காதீர்கள்.

பதிவில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ, சட்டத்தின் கண்ணில் இதழ் அவருடையது. குழு பிளவுபடும்போது பெயர் யாருக்கு என்ற சண்டை இங்கிருந்துதான் கிளம்பும். ஒரு தனிநபர் பெயரில் பதிவு செய்தால், குழு முடிவின்றி அவர் இதழை விற்கவோ நிறுத்தவோ கூடாது என்று முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். சிறிய அறக்கட்டளை ஒன்றின் பெயரில் பதிவு செய்வது இன்னும் நல்லது.

‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிட்டுப் பதிவு இல்லாமல் நடத்துவது சிற்றிதழ் மரபு. நண்பர்களுக்குள் 200 பிரதி சுற்றும் இலக்கிய இதழுக்கு அது ஓடலாம். கடையில் விலைக்கு வைக்கும் அரசியல் இதழுக்கு அந்த வரி கவசம் ஆகாது. பதிவில்லாமல் வெளியிட்டால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிட முக்கியம், ஆளுங்கட்சியை எதிர்த்து எழுதும் இதழை மடக்க நினைப்பவர்களுக்கு இப்படியொரு எளிய காரணத்தை நாமே கொடுக்கக் கூடாது. ஆண்டறிக்கை தாக்கல், அச்சகம் மாறினால் திருத்தம் ஆகியவற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பணம்

கட்சி ஏடாக மாறுவது கட்டுரை வழியாக நடப்பதில்லை, பிரதி வழியாக நடக்கிறது. ஒரு தொழிற்சங்கமோ கட்சி மாவட்டக் குழுவோ மாதம் 300 பிரதி மொத்தமாக எடுக்கிறது என்று வையுங்கள். அச்சிடுவதே 1,000 பிரதி. அவர்களைக் கடிந்து ஒரு கட்டுரை வந்ததும், ‘அடுத்த மாதம் வேண்டாம்’ என்று ஒரு தொலைபேசி வரும். யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதற்கடுத்த கட்டுரையை ஆசிரியரே தயங்கித் தள்ளிவைப்பார். எனவே எந்த ஓர் அமைப்பும் அச்சிடும் பிரதிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, மொத்தமாக எடுக்கும் பிரதிகளுக்கு முழு ஆண்டுத் தொகையும் முன்பணமாக வர வேண்டும் என்று இரண்டு விதிகள் வையுங்கள். விளம்பரத்துக்கும் அதே பத்தில் ஒரு பங்கு.

இதழின் உயிர் தனிநபர் ஆண்டுச் சந்தா. கடை விற்பனையை நம்பாதீர்கள். கடைக்காரரின் கழிவு போக, மீதிப் பணம் மாதக்கணக்கில் தேங்கும், விற்காத பிரதிகள் கசங்கித் திரும்பும். ஆயுள் சந்தா இன்னொரு பொறி. தொடக்க உற்சாகத்தில் நூறு பேரிடம் வாங்கி, அந்தப் பணத்தை முதல் மூன்று இதழுக்கு அச்சுக்கூலியாகக் கொடுத்துவிட்டால், அந்த நூறு பேருக்கும் காலமெல்லாம் இலவசமாக அனுப்ப வேண்டும். ஆயுள் சந்தா வாங்கினால் அதைத் தனி வைப்புநிதியில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள். முடியாதென்றால் ஐந்தாண்டுச் சந்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மிகுந்த கவனம் தேவை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பதிவு பெற்ற இதழின் உரிமையாளர், ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சிடுபவர், பத்தி எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை அடியோடு தடுக்கிறது. கனடாவிலோ பிரான்சிலோ குடியுரிமை பெற்றுவிட்ட ஈழத்தமிழர் அன்போடு அனுப்பும் நன்கொடையும் இந்தத் தடைக்குள் வரும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. இதழின் விலையாகிய சந்தா நன்கொடை அல்ல. ஆனால் 600 ரூபாய் சந்தாவுக்கு 6,000 அனுப்பிவிட்டு ‘மீதி உங்களுக்கு’ என்றால், மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை கேட்பது

கட்டுரை தானாக வரும் என்று காத்திருந்தால், உங்கள் நட்பு வட்டத்திலிருந்து மட்டுமே வரும். பன்முகத்தைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும். 1959-இல் ரொமேஷ் தாப்பரும் ராஜ் தாப்பரும் பம்பாயில் தொடங்கிய ‘செமினார்’ இதழின் முறை இதற்கு மிகவும் உதவும்: ஓர் இதழுக்கு ஒரே பிரச்சினை, முதலில் பிரச்சினையை விளக்கும் சிறு குறிப்பு, பிறகு வெவ்வேறு தரப்புகள். முழு இதழையும் அப்படிச் செய்யத் தேவையில்லை. 56 பக்கத்தில் 20 பக்கத்தை ‘விவாதம்’ என்று ஒதுக்கினால் போதும்.

எடுத்துக்காட்டாக, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தமாக வந்தது. மார்க்சிஸ்ட் கட்சி நாடாளுமன்றத்தில் ஆதரித்து வாக்களித்தது. திமுக உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்தது. 2022 நவம்பர் 7-இல் ஐந்து நீதிபதிகள் 3-க்கு 2 என்ற கணக்கில் அது செல்லும் என்றார்கள். இடதுசாரிகளுக்கும் சமூகநீதி இயக்கங்களுக்கும் உண்மையான வேறுபாடு இருக்கும் இடம் இது. இதுபோன்ற இடத்தில்தான் மேடைக்குப் பயன் இருக்கிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ‘விலைவாசி உயர்வைக் கண்டிப்போம்’ வகைத் தலைப்புக்கு நான்கு கட்சிக்காரர்களைக் கூப்பிட்டால் நான்கு ஒரே மாதிரிக் கட்டுரைகள்தான் கிடைக்கும்.

முதலில் பிரச்சினைக் குறிப்பை 400 சொல்லில் எழுதுங்கள். அதன் கடைசியில் எல்லோருக்கும் பொதுவான மூன்று கேள்விகள். இதில்: பொருளாதார அளவுகோல் இடஒதுக்கீட்டின் அடிப்படையாக முடியுமா? பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட ஏழைகளை இதற்கு வெளியே வைத்ததை எப்படி நியாயப்படுத்துவது அல்லது மறுப்பது? இருக்கும் சட்டத்தில் என்ன மாற்றம் கேட்கிறீர்கள்? எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே சொல் அளவோடு அனுப்புங்கள். பின்னால் வருபவருக்கு முன்னால் வந்தவரின் கட்டுரையைக் காட்டாதீர்கள். காட்டினால் ஒருவர் கருத்தை முன்வைப்பார், மற்றவர் மறுப்பை மட்டுமே எழுதுவார்.

கட்சி உறுப்பினர்களிடம் கேட்கும்போது, ‘கட்சியின் நிலைப்பாட்டை எழுதித் தாருங்கள்’ என்று கேட்காதீர்கள். தீர்மானத்தின் நகல் வரும். ‘உங்கள் பெயரில், இந்த மூன்று கேள்விக்கு’ என்று கேளுங்கள். கம்யூனிஸ்ட் கட்சிகளில் இருப்பவர்கள் பலர் கட்சிக்குத் தெரிவித்துவிட்டே எழுதுவார்கள். அதற்கு அவகாசமாக மற்றவர்களை விட 15 நாள் முன்னதாக அவர்களிடம் பேசிவிடுங்கள். அது தணிக்கை அல்ல, அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. ஒரு தரப்பு கடைசி நேரத்தில் பின்வாங்கினால் விவாதத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். ‘கேட்டோம், தரவில்லை’ என்று போட்டு மூன்று தரப்போடு வெளியிடுவது அந்த அமைப்பில் உங்களுக்கு இருந்த ஒரே கதவையும் மூடிவிடும்.

அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நல்ல கட்டுரைகள் வைத்திருப்பார்கள். நடத்தை விதிகள் அரசை விமர்சித்து எழுதுவதைக் கட்டுப்படுத்துவதால் புனைபெயர் கேட்பார்கள். கொடுங்கள். உண்மைப் பெயர் ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிய வேண்டும். குழு வாட்ஸ்அப்பில் கூட வரக் கூடாது. ஆனால் புனைபெயருக்குள் நின்று இன்னொரு தனிநபரைத் தாக்க அனுமதிக்காதீர்கள்.

சன்மானம் 300 ரூபாயானாலும் எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுங்கள். எழுதுபவர் தோழர் என்பதால் இலவசம், பேராசிரியர் என்பதால் பணம் என்ற வேற்றுமை இடதுசாரி இதழுக்கு அழகல்ல.

செம்மையாக்கம்

மாற்றுக் கட்சிக்காரரின் கட்டுரையில் கை வைக்கும்போது கருத்தைத் தொடாதீர்கள், ஆதாரத்தைக் கேளுங்கள். இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: “இடதுசாரிகள் இடஒதுக்கீட்டில் காலங்காலமாகத் துரோகம் செய்தே வந்திருக்கிறார்கள்.” இதை வெட்டினால் தணிக்கை, அப்படியே விட்டால் வசை. எழுதியவருக்குத் தொலைபேசியில், ‘எந்த ஆண்டு, எந்த வாக்கெடுப்பு?’ என்று கேளுங்கள். அநேகமாக அது இப்படித் திரும்பி வரும்: “2019-இல் 10 சதவீத ஒதுக்கீட்டுக்கு மார்க்சிஸ்ட் கட்சி ஆதரித்து வாக்களித்தது, இதை நான் சமூகநீதிக்குச் செய்த துரோகமாகவே பார்க்கிறேன்.” காரம் குறையவில்லை. ஆனால் இப்போது அதற்குப் பதில் எழுத முடியும்.

திருத்திய படியை எழுதியவர் பார்த்து ஒப்புதல் தராமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. தலைப்பையும் சேர்த்துத்தான். சண்டை பெரும்பாலும் கட்டுரையால் வராது. ஆசிரியர் கடைசி இரவில் வைத்த தலைப்பால் வரும். கட்டுரைக்கு அடியில் ‘இக்கருத்து எங்களுக்கு உடன்பாடல்ல’ என்று அடிக்குறிப்பு போடாதீர்கள். விருந்துக்கு அழைத்து இலையில் மண் போடுவது போன்றது அது. உடன்பாடில்லையென்றால் அடுத்த மாதத் தலையங்கம் இருக்கிறது.

மறுப்புக் கட்டுரைக்கு விதி: மூலக் கட்டுரையின் பாதி நீளத்துக்குள், அடுத்த இதழிலேயே, அதே பகுதியில். மூல ஆசிரியருக்கு 300 சொல்லில் ஒரே ஒரு பதில். அதோடு விவாதம் முடியும். இந்த முடிவுக்கோடு இல்லாவிட்டால் இரண்டு பேர் ஆறு மாதம் பேசிக்கொள்ள, மற்ற வாசகர்கள் சந்தாவைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

சட்டப் பார்வைக்கு ஒரு வழக்கறிஞர் நண்பர் அவசியம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356-ஆவது பிரிவு. இரண்டாண்டு வரை சிறை உண்டு. எழுதியவரோடு ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சகத்தார் ஆகியோரையும் வழக்கில் சேர்க்கலாம். தனிநபர் பெயர், பணத்தொகை, சாதிப்பெயர் மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் அந்தப் பத்தியை வழக்கறிஞருக்கு அனுப்பிவிடுங்கள். தேர்தல் நேரத்தில் கட்டுரையைத் துண்டறிக்கையாக மறுஅச்சு செய்தால், அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அதைக் கேட்கிறது.

எழுத்துருவும் மெய்ப்பும்

கட்டுரைகள் யூனிகோடில் வரும், பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வரும், கையெழுத்துப் படியைப் படமெடுத்தும் வரும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே செம்மைக்கு எடுங்கள். மாற்றியதும் தேடிப் பார்க்க வேண்டியவை: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’, ‘ஔ’ வர வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் ‘கொ’, ‘கோ’, உடைந்த ‘ஸ்ரீ’, ‘க்ஷ’. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் பக்க வடிவமைப்பில் எழுத்துரு மாறும்போது இவை கட்டமாக வெடிக்கும். மெய்ப்பு இரண்டு முறை, இரண்டு வேறு ஆட்கள். ஆண்டு, பெயர், தொகை ஆகியவற்றை மட்டும் மூன்றாவது ஆள் ஒரு முறை பார்க்கட்டும்.

அச்சும் எடையும்

கிரவுன் நாலிலொரு அளவு (ஏழரைக்குப் பத்து அங்குலம்) அரசியல் இதழுக்குப் பொருந்தும். 20க்கு 30 அங்குலத் தாள் ஒன்றில் 16 பக்கம் கிடைக்கும். 64 பக்கத்துக்கு நான்கு தாள். 1,000 பிரதிக்கு 4,000 தாள், அதாவது 8 ரீம் (ஒரு ரீம் 500 தாள்), சேதாரம் சேர்த்து எட்டரை. தாளை முழுதாக ஓட்டும் இயந்திரமென்றால் உள்பக்கத்துக்கு 8 அச்சுத் தகடு, நான்கு வண்ண அட்டைக்கு 4 தகடு.

பக்க எண்ணிக்கையை முடிவு செய்யும் முன் எடை போட்டுப் பாருங்கள். 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாளில் 64 பக்கம், 170 ஜிஎஸ்எம் அட்டை, ஓரம் வெட்டிய பிறகு ஏறக்குறைய 100 கிராம். முகவரி உறை சேர்ந்ததும் அதைத் தாண்டிவிடும். அஞ்சல் கட்டணம் எடைப் படிகளில் ஏறுவதால் இரண்டு மூன்று கிராம் கூட மாதந்தோறும் பணத்தைத் தின்னும். 56 பக்கமாக்கினால் உறை இல்லாமல் 90 கிராம் அளவில் நிற்கும். 56 பக்கத்தை மூன்றரைத் தாளில் முடிக்கலாம். 70 ஜிஎஸ்எம் தாள் அழகாக இருக்கும், ஆனால் 64 பக்கத்தில் 114 கிராம் வரும். நடுவில் பின் அடிக்கும் கட்டுதான் இதற்குச் சிக்கனம். 80 பக்கத்தைத் தாண்டினால் நடுப்பக்கங்கள் வெளியே தள்ளி ஓரம் குறையும். அப்போது பசைக்கட்டுக்குப் போக வேண்டும்.

இந்த அளவில் இரட்டைப் பத்தி, பத்தரைப் புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு 350 முதல் 400 சொல் கொள்ளும். கட்டுரையாளருக்கு 2,000 சொல் என்று சொன்னால் படத்தோடு ஆறு பக்கம்.

மாதச் சுற்று

8-ஆம் தேதி கட்டுரை வரத்து முடியும். 14 வரை செம்மை, 17-இல் முதல் மெய்ப்பு, 20-க்குள் எழுதியவர் ஒப்புதல், 22-இல் பிடிஎஃப் அச்சகத்துக்கு. 27-இல் கட்டு முடிந்து வரும். தீபாவளி, பொங்கல், தேர்தல் மாதங்களில் அச்சகங்கள் நாள்காட்டிக்கும் சுவரொட்டிக்கும் முன்னுரிமை தருவார்கள். அப்போது எல்லாத் தேதியையும் ஐந்து நாள் முன்னிழுங்கள்.

பதிவு பெற்ற இதழுக்கான அஞ்சல் சலுகை வேண்டுமென்றால் இதழ் மாதம் ஒரு முறையாவது வர வேண்டும், உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். காலாண்டிதழுக்கு அது கிடைக்காது. குறித்த அஞ்சலகத்தில், குறித்த தேதியில்தான் இதழ்களைச் சேர்க்க வேண்டும். தேதி தவறினால் சாதாரணக் கட்டணம். முகவரிச் சீட்டில் பெயருக்கு மேலே சந்தா முடியும் மாதத்தை அச்சிட்டால் நினைவூட்டல் கடிதச் செலவு மிச்சம்.

ஆண்டின் 12-ஆம் இதழில் ஒரு பக்கக் கணக்கு வெளியிடுங்கள்: எந்தெந்தத் தரப்பிலிருந்து எத்தனை கட்டுரை, பெண்கள் எழுதியவை எத்தனை, சென்னைக்கு வெளியிலிருந்து எத்தனை, வந்த மறுப்புகள், அச்சிட்டவை, நிராகரித்தவை, மொத்தமாகப் பிரதி எடுத்த அமைப்புகள், வரவு செலவு. அதோடு ஆசிரியர் பெயர், பொருள் அடிப்படையில் ஆண்டு அட்டவணை ஒன்றும் சேருங்கள். ஒவ்வோர் இதழும் வந்த உடனே கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளோடு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். கட்டு கட்டிய 12 இதழ்கள் இரண்டு தொகுதி அலுவலகத்தில் இருக்கட்டும்.